யசோதினியின் மற்றக் கை

திலாப்பியா மீனை நான் சாப்பிடுவதில்லை. அதன் சேற்று மணம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் அதன் தோலைப் பற்றி இந்தப் பக்கத்தில் என்னைவிடத் தெரிந்த வைத்தியர் இருக்க மாட்டார்.

வாவி மீனை வெட்டுகிறவர்கள் கழித்துப் போடும் தோலிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்து, மெல்லிய தகடாக உலர்த்தி எடுத்தேன். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் போலத்தான் அது. வெந்த இடத்தில் ஒட்டினால், உடம்பின் உயிரணுக்கள் அதைப் பற்றி ஏறிப் புதுத்தோலை வளர்க்கும். பிறகு தகடு தானாகவே கரைந்துவிடும்.

யசோதினி பழுகாமத்திலிருந்து வந்தவள். நெல் அவித்த அண்டா சரிந்து இரண்டு கைகளும் வெந்திருந்தன. ஒரே ஆள், ஒரே மாதிரிக் காயம். ஆய்வு செய்கிறவனுக்கு இப்படி அமைவது அரிது. வலது கையில் தகட்டை ஒட்டினேன். இடது கைக்கு வழமையான மருந்துக்கட்டு. ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நிரூபிக்க முடியாது. அவளிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வலது கை அழகாக ஆறியது. அவளுடைய கணவன் ஜெயரூபன் ஆஸ்பத்திரி விறாந்தையில் என்னை மறித்தான்.

"டொக்டர், மத்தக் கைக்கும் அதயே ஒட்டுங்களன்."

"தகடு முடிஞ்சிது, தம்பி" என்றேன். குளிர்ப்பெட்டியில் நிறையவே இருந்தது.

அந்தப் பொய்யால் அவளுக்குக் கெடுதல் ஒன்றும் வந்துவிடவில்லை. இடது கையும், மெதுவாக என்றாலும், ஆறத் தொடங்கியிருந்தது. எனக்குச் சங்கடமாகப் போனது அதுதான். இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துப் படம் எடுத்தபோது வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் தாதி நுஸ்ரா வந்து, "டொக்டர், இடது கைக் கட்டு நனைஞ்சி மணக்குது. மாத்துவமா?" என்று கேட்டாள்.

"நாளைக்குப் பாப்பம்" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். காய்ச்சல் தொடங்கிய பிறகும் சொன்னேன். நுஸ்ராவைக் குறை சொல்லாதீர்கள், அவள் என்னை நம்பினாள்.

கிருமி எலும்பு வரை போய்விட்டது. இடது கையை மணிக்கட்டோடு எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்ததும் நான்தான். வீட்டுக்குப் போகிற அன்று யசோதினி எஞ்சிய கையால் என் கையைப் பற்றிக்கொண்டாள். "இந்தக் கையயாவது காப்பாத்தித் தந்தீங்களே, டொக்டர்" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வைத்தியர் மாநாட்டில், இடது கையை எடுக்கும் முன் மறுபடி பிடித்த இரண்டு கைகளின் படத்தைக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு வரும் முன், இன்று காலை பழுகாமம் போனேன். முதலில் தெரிய வேண்டியவள் அவள்தானே. தகடு இருந்ததையும், கட்டை மாற்ற விடாததையும், அந்தக் கை ஆறக்கூடாது என்று நான் விரும்பியதையும் சொன்னேன். ஜெயரூபன் எழுந்து வெளியே போனான்.

"அப்ப நான் உங்களுக்கு ஆர், டொக்டர்?" என்று மட்டும் யசோதினி கேட்டாள். பிறகு வலது கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நான் மனம் வருந்தியதை நீங்கள் பதிந்துகொள்ள வேண்டும். ஆறுதல் சொல்லத்தான் அந்தக் கையை மெல்ல விலக்கிப் பிடித்தேன். தோல் சுருக்கமே இல்லாமல் மிருதுவாக இருந்தது. கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.