பொடிக்கல் கூரை

எறும்பை அடையாளம் காண வேண்டுமானால் முதலில் இடுப்பைப் பாருங்கள், சார். ஒரு முடிச்சா, இரண்டா என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. டாஸ்மேனியாவில் பலருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். இணையத்தில் எங்கள் எறும்புக் குழுவில் படம் போட்டு, "டெஸ், இது என்ன?" என்பார்கள். நான் பெயர் சொன்னால் அதற்கு மேல் பேச்சே இருக்காது.

பிறகு டாம்சின் வந்தாள். ஹோபார்ட்டில் பல் டாக்டர். சேர்ந்த கையோடு நான் பெயர் சொன்ன படத்தின் கீழே எழுதினாள்: "என்ன டெஸ், கண்ணாடிய வீட்டுல வெச்சுட்டீங்களா? முதுகுல முள்ளு இருக்கு பாருங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவள் சொன்னது சரி. அதனால்தான் என் வயிறு பற்றி எரிந்தது. அதன்பின் என்னை யாரும் கேட்கவில்லை. "டாம்சின், இது என்ன?" என்றுதான் கேட்டார்கள்.

அவளுக்குக் குதி எறும்பு ஆகாது. கறுப்பு உடம்பு, மஞ்சள் தாடை, துள்ளித் துள்ளி வரும் எங்கள் ஊர் எறும்பு. நம்மைக் கொட்டினால் வீக்கத்தோடு போகும். அவளுக்கு மூச்சே அடைத்துவிடும். ஊசி மருந்து இல்லாமல் வெளியே கிளம்பமாட்டாள். ஆனால் அவளை ஏமாற்றுவது லேசல்ல. அந்த எறும்பு புற்றின் மேல் பொடிக்கல்லைப் பரப்பிவைக்கும், அதை வைத்தே தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

நான் ஒரு புற்றின் மேலிருந்த அந்தக் கல்லைப் பெருக்கித் தள்ளினேன். விடிகாலைக் குளிருக்கு எறும்பெல்லாம் உள்ளே அடங்கியிருந்தது. மேலே யூகலிப்டஸ் சருகைப் போட்டு மூடினேன். அபூர்வமான வேறொரு எறும்பின் பழைய படத்தை அவளுக்கு அனுப்பி, அந்த இடத்தில்தான் எடுத்தேன் என்றேன். வெயில் ஏறும் நேரத்தில் ஓடி வந்தாள், பாவம்.

"குதி எறும்பு இல்லையே?"

"பாக்காமலா உன்னைக் கூப்பிடுவேன்?"

"நீங்க சொன்னா சரி, டெஸ்."

என்னை அவள் நம்பினாள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குப்புறப் படுத்து, கேமராவில் கண்ணை வைத்தபடி சருகை விலக்கினாள். எறும்புகள் கிளம்பி வந்தன.

"டெஸ்... பை... அந்தப் பைய..."

ஊசி அதில்தான் இருந்தது. நான் பையோடு காருக்கு நடந்தேன். உதவிக்கு ஆள் கூப்பிடப் போனதாக உங்களிடம் சொன்னேன் அல்லவா, அது பொய்.

வாக்குமூலத்தில் பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள், சார். அந்தக் குணம் எனக்குக் கிடையாது. அவள் கேமராவில் இருந்த கடைசிப் படத்தைக் காட்டி, இது என்ன எறும்பு என்று கேட்டீர்களே, அப்போதே மனசு நிறைந்துவிட்டது. டாம்சினை அல்ல, என்னைத்தான் கேட்டீர்கள்.