டம்ளர் அடியில் ஒட்டிய வெள்ளை

இல்லம்மா, நான் கத்தலம்மா. காலையிலேர்ந்து கத்திக் கத்தித் தொண்டை அப்படி ஆயிடுச்சி. இருங்க, நானும் உங்க பக்கத்துலயே தரையில உக்காந்துக்கறேன். டாக்டர் உள்ள உங்க வீட்டுக்காரருகிட்ட இருக்காரு. இங்க நீங்களும் நானும் தான். ரோஜா சிஸ்டர் ரோஜா சிஸ்டர்னு வாய் நெறய கூப்புடுவீங்களே, அந்த ரோஜா தான் கேக்குறேன். கிளியனூர்லேர்ந்து ஒரு பை எடுத்தாந்தீங்களே, அதுல இருந்த மாத்திரைய அவருக்குக் குடுத்தீங்களா?

பையத் தொவைச்சிப் போட்டுட்டீங்களா? இந்த நேரத்துல யாராவது பையத் தொவைப்பாங்களாம்மா? சரி, பைய உடுங்க.

நேத்து சாயங்காலம் வரைக்கும், கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்க ஆளு கெடைக்கல, என்னைய உடுங்க நான் போறேன்னு என்கிட்ட மல்லுக்கு நின்னவரு. இன்னிக்கு வாந்தி நிக்கல. செவுரெல்லாம் மஞ்சளாத் தெரியுதுன்றாரு. காமாலை இல்லம்மா அது. காமாலைன்னா அவரு கண்ணு மஞ்சளாவும், செவுரு எதுக்கு மஞ்சளாவணும்? நாடி நாப்பதுகிட்ட வந்து நிக்கிது. நாங்க தெனம் குடுக்கற இதய மாத்திரை அளவு மீறினா இப்படித்தான் ஆவும். இத்தினூண்டு மாத்திரை அது. அளவோட இருந்தா ஆளைத் தூக்கி நிறுத்தும், மீறினா அமுக்கிடும். எங்க மாத்திரை மட்டும்னா இவ்ளோ தூரம் போவாதேம்மா.

வந்த அன்னிக்கே கேட்டேன், வீட்டு மாத்திரை எதுனா இருந்தா குடுங்கன்னு. இல்லன்னு தலையாட்டுனீங்க. ஏன் ஆட்டுனீங்கன்னு எனக்கா தெரியாது? பாண்டி டாக்டரு குடுத்த மாத்திரையில தான் மனுஷன் பொழைச்சி எழுந்தாரு, இவளுங்க அதப் புடுங்கி வச்சிக்கினு வேற எதையோ குடுப்பாளுங்கன்னு பயம். எங்க வீட்லயும் அப்படித்தான், பொண்ணு நர்சுன்ற பேரு தான், நான் சொன்னா யாரு கேக்குறாங்க? ஆனா ரெண்டும் ஒரே மருந்தாத்தான் இருக்கும்மா. கம்பெனி வேற, அட்டை வேற, உள்ள இருக்கறது ஒண்ணு தான். ரெண்டையும் குடுத்தா ரெண்டு பங்கு உள்ள போவுது.

ஜெகதீசன் திட்டுவானா? திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல எறங்கிட்டானாம், வந்துக்கினே இருக்கான். வரட்டும், உங்க புள்ளைகிட்ட நான் பேசிக்கறேன். இன்னாத்தால இப்படி ஆச்சின்னு தெரியாம டாக்டரு கையப் பெசைஞ்சிக்கினு நிக்கிறாரும்மா. மாத்திரையாலதான்னா அதுக்கு முறிவு மருந்து இருக்கு. நம்ம சின்ன ஆஸ்பத்திரில இல்ல, ஜல்தியா விழுப்புரம் ஏத்தணும். முன்னாடியே போன் போட்டு எடுத்து வைக்கச் சொல்லணும். நீங்க வாயத் தொறந்தா அவரு பொழைப்பாரும்மா.

இன்னா, கையா? ஆமா, தெனம் காலையில அவரு கையப் புடிச்சிக்கினு வாட்ச்சப் பாப்பேனே, அது நாடி எண்றது. ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும். அறுபதுக்குக் கீழ போச்சின்னா அந்த மாத்திரையத் தொடவே கூடாது, டாக்டரக் கூப்புடணும். நர்சிங் படிக்கறதுங்களத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்.

இன்னிக்கா? இன்னிக்கு... அத உடுங்கம்மா, இப்ப அதுவா பேச்சு?

நான் பாத்த ஒண்ணு சொல்லட்டா? கட்டிலுக்குக் கீழ கூழ் டம்ளர் கெடந்துது. கேப்பங்கூழு கருப்பு. அடியில மட்டும் வெள்ளையா, மாவாட்டம் ஒட்டிக்கினு இருந்துது. மாத்திரைன்னாலே மூஞ்சத் திருப்பிக்கிறாரு, அதனால நுணுக்கிக் கூழ்ல கரைச்சிட்டீங்க. அதானே? தாயே, பேச வேணாம், தலைய ஆட்டுங்க போதும். உங்க கால்ல உழறேன்.

இன்னா அவுக்கறீங்க? முந்தானையிலயா முடிஞ்சி வச்சிருந்தீங்க? குடுங்க, குடுங்க. ஏசுவே. இதே தான். வந்த நாள்லேர்ந்தா? தெனமுமா? இன்னிக்குக் காலையிலயும்? நான் வர்றதுக்கு முன்னாடியே... சரி. சரிம்மா.

டாக்டர்! டிஜாக்சின் தான் டாக்டர்! வீட்டு மாத்திரை, வந்ததுலேர்ந்து தெனமும் சேத்துக் குடுத்திருக்காங்க, அட்டை இந்தா இருக்கு! அலெக்ஸ்! வண்டிய எடுத்தாந்து வாசல்ல நிறுத்துப்பா!

எழுந்திருங்கம்மா. என் தோளைப் புடிச்சிக்கினு எழுந்திருங்க. நானே கொன்னுட்டேனேன்னு சொல்லாதீங்க. மனுஷன் பொழைக்கணும்னு தானே குடுத்தீங்க? நீங்க கூழ்ல கரைச்சது அவரு நாடியில தெரிஞ்சிருக்கும்மா, கையப் புடிச்சிப் பாத்திருந்தா. இன்னிக்குக் காலையில நான் புடிக்கல. அடுத்த ரூம்ல ஒரு அம்மா ஊசி ஊசின்னு கத்திக்கினு இருந்தாங்க, மாத்திரைய இவரு வாயில போட்டுட்டு ஓடிட்டேன். நீங்க பாத்துக்கினு தானே இருந்தீங்க? அதான் கையக் கேட்டீங்க. டாக்டருகிட்ட நானே சொல்லிடறேன். அவர வண்டியில ஏத்தியாச்சி, நீங்களும் ஏறுங்க, செருப்பு கெடக்கட்டும். கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, அவரு கைய என்கிட்ட குடுங்க. விக்கிரவாண்டி டோல்கேட்டு தாண்டி விழுப்புரம் போயி சேர்ற வரைக்கும் நான் எண்ணிக்கினே வர்றேன்.