கீர்த்திக்குச் சொன்ன பச்சைக் குழம்பு

வெளியில் சாப்பிடுவதென்றாலே எனக்கு ஆகாது, மேடம். ஆனால் அந்த மாடி ஹோட்டல் சுத்தமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். மேசையில் பிசுக்கில்லை, டம்ளரில் வாடையில்லை. கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்தால் ஏகாம்பரநாதர் கோபுரம் நன்றாகத் தெரியும். தாய்லாந்துச் சாப்பாடாம். காஞ்சிபுரத்தில் இட்லிக்கா பஞ்சம் என்று நான்கூடக் கேலி செய்தேன்.

அந்த ஹோட்டலை நடத்துகிற கலீமை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். சைவக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கவிச்சியைப் போட்டுக் கொன்றுவிட்டான் என்று ஊரே அவனைக் கரித்துக்கொட்டுகிறது. நான் சொன்னபடிதான் பரிமாறியதாக அவன் உங்களிடம் சொன்னான். அப்படி எதுவும் நான் சொல்லவில்லை என்றேன். நீங்கள் என்னை நம்பினீர்கள். அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. வீண்பழி யார்மேல் விழுந்தாலும் எனக்குப் பொறுக்காது.

சிவபாலன் என் தம்பி. அப்பா அம்மா போனபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு அவனை வளர்த்தேன். புடவைக் கரைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறான், கெட்டிக்காரன். கீர்த்தியைப் பார்த்துக் கட்டிவைத்ததும் நான்தான். நல்ல பெண். என்னோடு ஒட்டிக்கொண்டாள். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

ஒருநாள் பூக்கட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் ஒரு ரகசியம் சொன்னாள். கல்லூரி விடுதியில் தோழி தட்டிலிருந்து ஒரு வாய் இறால் எடுத்துத் தின்றாளாம். தொண்டை அடைத்து, முகம் வீங்கி, ஆஸ்பத்திரியில் பிழைத்ததே பெரிய பாடாம். இனிமேல் வாயில் பட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "அவருக்குத் தெரியாது அண்ணி. கவிச்சி தின்னவள்னு தெரிஞ்சா என்ன நினைப்பாரு? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று அழுதாள். எங்கள் வீடுகளில் அப்படித்தான், மேடம். செத்துப் பிழைத்ததைவிடத் தின்றதுதான் பெரிய அவமானம்.

சூரத்தில் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு பேரும் போகிறோம் என்று சொல்லத்தான் என்னை அந்த ஹோட்டலுக்கு அழைத்துப்போனார்கள். என்னையும் வா என்று கூப்பிடவில்லை. "அப்பப்போ வந்து பார்த்துக்கினு இருப்போம்கா" என்றான். விருந்தாளிக்குச் சொல்வதுபோல் சொன்னான். சிரித்துக்கொண்டே, நல்லா இருங்கப்பா என்றேன்.

அவர்கள் கோபுரத்தோடு சேர்த்துப் படம் எடுக்க மறுகோடிக்குப் போனார்கள். கலீம் என்ன வேண்டும் என்று கேட்க வந்தான். மரியாதையான பிள்ளை.

"பச்சைக் குழம்புல இறால் விழுது சேருதும்மா. சைவம்னா வேற விழுது தனியா அரைச்சு வெச்சிருக்கேன், அதுல பண்ணித் தரேன்" என்றான்.

"எங்க ரெண்டு பேருக்கும் அப்படியே குடுப்பா. அந்தப் பொண்ணுக்கு மட்டும் வழக்கமாப் பண்றதையே குடு. அவ எல்லாம் சாப்பிடுவா, புருஷனுக்குத் தெரியாது. நீ மேசைல எதையும் சொல்லிக்கினு இருக்காதே" என்றேன்.

அவன் தலையாட்டினான். வீட்டில் சைவம், மாடிக்கு வந்தால் அசைவம் என்று எத்தனை பேரை அவன் பார்த்திருப்பான். வாயைத் திறக்காமல் பரிமாறுவது அவன் தொழில். ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பதாகத்தான் அவன் நினைத்திருப்பான்.

குழம்பு வந்தது. கீர்த்தி மோந்து பார்த்துவிட்டு, "ஒரு மாதிரி வாசனை வருது அண்ணி" என்றாள். அவங்க ஊர் இலை வாசனை, சாப்பிடு என்றேன். தயங்கினாள். நானே பிசைந்து முதல் வாய் ஊட்டிவிட்டேன். என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கொஞ்ச நேரத்தில் இருமினாள். உதடு தடித்தது. சிவபாலன் பதறி எழுந்தான். "கவிச்சி ஏதோ பட்டிருக்கும்பா, குமட்டுது. வாந்தி எடுத்தா சரியாயிடும்" என்றேன். அவனும் நம்பினான், பக்கத்து மேசைக்காரர்களும் நம்பினார்கள். எங்கள் சனம் கவிச்சி வாடைக்கே மயங்கி விழும் என்பது ஊரறிந்த விஷயம். ஒருவர் எலுமிச்சம்பழம்கூடக் கொண்டுவந்து கொடுத்தார்.

கழிவறைக்கு அவளை நான்தான் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். அவளுக்குப் பேச்சு வரவில்லை. தொண்டையைக் காட்டினாள், பிறகு கதவைக் காட்டினாள். அவளுக்கு என்ன நடக்கிறது என்று அந்த மாடியில் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

வெளியே சிவபாலன், "அக்கா, ஆட்டோ கூப்பிடட்டுமா?" என்று கதவைத் தட்டினான். "வாந்தி எடுத்துக்கினு இருக்கா, பொறுப்பா" என்றேன். அவன் பொறுத்தான். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டமாட்டான். அவள் கை என் புடவையை விட்ட பிறகு, தண்ணீர் தொட்டு அவள் முகத்தைத் துடைத்துவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

கொன்றேனா என்று கேட்டால், ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். கலீமை விட்டுவிடுங்கள்.

சிவபாலன் சூரத்துக்குப் போகவில்லை. கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். நான் போட்டுவைக்கிற சோறு ஆறிக் கிடக்கிறது, ஒரு பருக்கையைக்கூடத் தொடவில்லை. ஏன் முன்னாடியே கதவை உடைக்கலை என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். இதையெல்லாம் அவனிடம் சொல்லும்போது கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள், மேடம். சொல்லிவிட்டு என்னைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பாவம், அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?