பலாத்தோப்புக் கம்பி

பாலைவனத்தில் அணுகுண்டை வெடித்துப் பார்த்திருந்த வாரம் அது. கொல்லிமலை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும்.

"மிச்சக் குண்டெல்லாம் வெடிக்குமான்னு கவருமெண்டு வாயத் தொறக்காது புள்ள. ரகசியமா இருந்தாத்தான் எதிரிக்குப் பயம். நம்ம பலாத்தோப்பு வேலிக் கம்பியில கரண்டே இல்ல. எவனாச்சும் உள்ள வந்தானா?"

எனக்குப் பின்சீட்டுக்காரர் எழுந்தேவிட்டார். "ஏனுங்க, கரண்டு இல்லீங்களா? பக்கத்துத் தோட்டக்காரன் நானு, இத்தன வருசமா பயந்துக்கிட்டுச் சுத்திப் போறனுங்களே!"

பஸ்ஸே சிரித்தது. மனைவி நிதானமாகத் திரும்பினாள்.

"நேத்து வரைக்கும் இல்லீங்கண்ணா. நேத்துதான் குடுத்தமுங்க."

தோட்டக்காரர் உட்கார்ந்துவிட்டார். பஸ் இன்னும் பலமாகச் சிரித்தது. அந்தச் சத்தத்தில் கணவர் அவள் காதருகே குனிந்து கேட்டது எனக்கு மட்டும்தான் கேட்டது:

"நெசமாவே குடுத்துட்டியா புள்ள?"