ராட்டினத்தில் தொங்கிய வில்லன்

இசைப்பிரியா: சிரிக்காதடி... பஸ் ஸ்டாப்ல எல்லாரும் பாக்குறாங்க.

பாயிஜா: எப்படி சிரிக்காம இருக்கறது? நம்ம மைன்ஸ் நடுவுல ராட்டினம்! வில்லன் அதுல தொங்கிகினு...

இசைப்பிரியா: நம்ம கதையில வர்ற நிலக்கரி வெட்டுற சக்கர மிஷினுக்குப் பிரெஞ்சுல பேரு தெரியல. "பெரிய சக்கரம்"னு எழுதினேன். அது அவங்க ஊர்ல ராட்டினம்னு எனக்கு என்ன தெரியும்?

பாயிஜா: பிரெஞ்சு மேடம் கிளாஸ்லயே கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க.

இசைப்பிரியா: நீ எழுதின வசனம் மட்டும்? துப்பாக்கிய வில்லன் நெத்தியில வெச்சுகினு உன் இன்ஸ்பெக்டரம்மா என்ன சொல்றா?

பாயிஜா: "தயவுசெஞ்சு கையத் தூக்குங்க."

இசைப்பிரியா: "ங்க"வாம்! அவ தம்பியக் கடத்தினவன்கிட்ட!

பாயிஜா: பாண்டிச்சேரி பிரெஞ்சு கிளாஸ்ல ரெண்டு வருஷமா மரியாதையாதானே பேசச் சொல்லிக் குடுத்தாங்க... திட்டறதுக்கு எங்க சொல்லிக் குடுத்தாங்க?

இசைப்பிரியா: இருந்தாலும் போட்டியில நம்ம திரைக்கதைதானே மொதல்ல வந்துச்சு. கன்வேயர் பெல்ட்டு மேல அவ ஓடுற எடத்த எங்கப்பாகிட்ட சொன்னேன். "பெல்ட்டு அவ்ளோ வேகம் போவாதும்மா"ன்னாரு. அப்புறம் அவரே, "சரி, கதைதானே, போவட்டும்"னுட்டாரு.

பாயிஜா: ம்...

இசைப்பிரியா: என்ன, "ம்"?

பாயிஜா: ஜெயிச்சவங்கள்ல பாரிசுக்கு ஒரு ஆளத்தான் கூப்பிடுவாங்களாமே. அதான்...

இசைப்பிரியா: அதுக்கென்ன? நீ போ. கதை உன்னுது.

பாயிஜா: பிரெஞ்சு உன்னுது.

இசைப்பிரியா: ஒரு மாசம் உக்காத்தி வெச்சு சினிமா எழுதக் கத்துக் குடுப்பாங்க. எனக்கு எதுக்குடி அது? எனக்கு ஒரு கதையும் வராது.

பாயிஜா: எங்க அத்தா...

இசைப்பிரியா: விடமாட்டாருன்னு சொன்ன. எங்கப்பாவ உங்க கடைக்கு அனுப்பறேன். அவரு பேசட்டும்.

பாயிஜா: வேணாம்.

இசைப்பிரியா: ஏன் வேணாம்?

பாயிஜா: பஸ்சு வருது பாரு.

இசைப்பிரியா: அது ஷிப்ட் பஸ்சு, நம்மள ஏத்த மாட்டான். பேச்ச மாத்தாத.

பாயிஜா: நீ போயேன், இசை... நான் வரலன்னு மேடத்துகிட்ட போன வாரமே சொல்லிட்டேன்.

இசைப்பிரியா: போன வாரமேவா?

பாயிஜா: ஏண்டி அப்படிப் பாக்கற? சீட்டு உனக்குத்தான்.

இசைப்பிரியா: நானும் சொல்லிட்டேன்டி.

பாயிஜா: என்னான்னு?

இசைப்பிரியா: அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, வர முடியாதுன்னு... முந்தாநாளு.

பாயிஜா: உங்கம்மா நல்லாத்தானே இருக்காங்க?

இசைப்பிரியா: நல்லாத்தான் இருக்காங்க. நான் வெலகிட்டா சீட்டு உனக்குத்தான்னு ஆயிடும். அப்புறம் உங்க அத்தாவும் யோசிப்பாருன்னு நெனச்சேன்.

பாயிஜா: அய்யோ... மேடத்துக்குப் போன் போடு. இப்பவே போடு!

இசைப்பிரியா: இரு... ஹலோ, மேடம்? நான் இசைப்பிரியா... அம்மா பரவால்லங்க மேடம்... அந்தப் பாரிஸ் விஷயமா... ஓ... எப்பங்க மேடம்?... இல்லங்க, சும்மாதான் கேட்டேன்... சரிங்க மேடம்.

பாயிஜா: என்ன சொன்னாங்க?

இசைப்பிரியா: ரெண்டாவதா வந்த காரைக்கால் பையனுக்குக் குடுத்துட்டாங்களாம். டிக்கெட்டே போட்டாச்சாம்.

பாயிஜா: அப்ப நம்ம ரெண்டு பேருக்குமே இல்லியா?

இசைப்பிரியா: அழாதடி... உங்க அத்தா மட்டும் சரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா...

பாயிஜா: அவர ஒண்ணும் சொல்லாத.

இசைப்பிரியா: பின்ன? அவராலதானே...

பாயிஜா: அவரு அன்னிக்கே சரின்னுட்டாரு, இசை. பாஸ்போர்ட்டுக்கு அலைஞ்சதே அவருதான். தெரியாத ஊருக்குத் தனியா போவ எனக்குத்தான் பயம்... அத சொல்ல வெக்கமா இருந்துச்சு, அவரு மேல பழியப் போட்டேன். நீயும் நம்பிட்ட, மேடமும் நம்பிட்டாங்க... ஏன் விடமாட்டாருன்னு ஒருத்தரும் கேக்கல. அவரு இந்நேரம் மெயின் பஜார்ல கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் எம்பொண்ணு பாரிசுக்குப் போவுதுன்னு சொல்லிகினு இருப்பாரு.