லூர்துசாமி கிளம்பிவிட்டார்

டீ நன்றாக இருக்கிறது, சார். புனேயில், ஔந்தில் எங்கள் ஆபீஸுக்குக் கீழே கிடைக்கிற டீயில் இஞ்சியே இருக்காது. போலீஸ் ஸ்டேஷனில் இவ்வளவு நல்ல டீயும் தமிழ்ப் பேச்சும் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் நானே முன்னாடி வந்திருப்பேன்.

நீலா உங்களிடம் என்ன சொன்னாள் என்று கேட்கமாட்டேன். காலேஜிலிருந்து தோழி, கம்பெனியில் கூட்டாளி, கொஞ்சம் இளகின மனசு. என் பக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன்.

யோசனை நல்ல யோசனை. ஒரு நம்பருக்குப் போன் செய்தால் போதும். பக்கத்தில் எந்த ஆம்புலன்ஸ் சும்மா நிற்கிறது என்று எங்கள் சாஃப்ட்வேர் பார்த்து அனுப்பிவைக்கும். 2007-இல் இதைக் கேட்டவர்கள் எல்லாம் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது, இல்லையா? சாஃப்ட்வேரை எழுதி முடித்து, வண்டிகளையும் பிடித்துப் போட்டபிறகு யாருமே கூப்பிடாவிட்டால்? அதனால் முதலில் நம்பரை மட்டும் ஸ்டிக்கர் அடித்து ஒட்டினோம். வண்டி கிடையாது. எங்கள் தொழிலில் இது சகஜம், கடை திறக்குமுன் போர்டு மாட்டிப் பார்ப்பதுபோலத்தான். எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, ரிக்‌ஷா பிடித்துக்கொள்ளுங்கள் என்று நீலா சொல்லிவிடுவாள்.

கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? பணம் போட வந்த மும்பைக்காரர் அதைத்தான் கேட்டார். பொறுமைசாலிகள் என்றால் கொஞ்சம் வண்டி போதும். நியாயமான கேள்வி. ஆகவே பதிலை மட்டும் மாற்றினேன்: வண்டி கிளம்பிவிட்டது.

"இல்லாத வண்டி கிளம்பிடுத்துன்னு எப்படிடா சொல்றது, பத்ரி? என்னால முடியாது" என்று நீலா எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு போனை நான்தான் எடுத்தேன்.

ஔந்துக்காரர்களால் பிரயோஜனமில்லை. சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பக்கத்துப் பேட்டையான போபோடியில் இந்தியில் பேசினால் திட்டிவிட்டு ரிக்‌ஷா ஏறினார்கள். தமிழில் பேசினால் காத்திருந்தார்கள். ஃபாக்டரி வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட நம் ஆட்கள். எங்கே போனாலும் மராத்தியில் தடுமாறுகிறவர்களுக்குப் போனில் ஒரு தமிழ்க் குரல் கேட்டால் பாதி வியாதி குணமாகிவிடுகிறது. இதெல்லாம் செய்துபார்த்தால்தான் தெரியும், சார்.

ஒரு மழைநாள் மத்தியானம் பரமசிவம் என்று ஒருவர் கூப்பிட்டார். மனைவி சின்னம்மாவுக்கு நெஞ்சுவலி. கிளம்பிடுச்சுண்ணே என்றேன். மறுபடி கூப்பிட்டார். டிரைவர் லூர்துசாமி, நம்ம ஆள்தான், பாலம் தாண்டிட்டார் என்றேன். அப்படி யாரும் கிடையாது. பெயர் ஒன்று இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுப்பார்கள் என்று அந்த நிமிஷம் தோன்றியது. தோன்றினது சரியாகத்தான் இருந்தது.

மூன்றாவது தடவை, பக்கத்து வீட்டுக்காரர் ரிக்‌ஷா கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். ஏற்றிவிடவா, திருப்பி அனுப்பவா என்று என்னைத்தான் கேட்டார். ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டால் எங்கள் சோதனை பாதியில் நின்றுவிடும். அனுப்பிடுங்கண்ணே, நம்ம வண்டியில ஆக்சிஜன் இருக்கு என்றேன். வாசலில் ரிக்‌ஷா கிளம்பிப் போகிற சத்தம் போனில் கேட்டது.

பிறகு ரொம்ப நேரம் போன் வரவில்லை. வந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது.

"தம்பி, இனிமே வேணாம். அவ போயிட்டா. லூர்துசாமியத் திரும்பிப் போகச் சொல்லுங்க. மழை பெய்யுது, பாத்து ஓட்டச் சொல்லுங்க."

சொல்லிடறேண்ணே என்றேன்.

ஒரு வார்த்தை திட்டவில்லை, சார். எனக்கே அவர்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் எங்கள் யோசனை ஜெயிக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தது.