ரவுட்டரை ஏன் மாற்றவில்லை

வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்று வட்டம் சுற்றினால் எனக்குப் பிடிக்காது சார். யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் நீங்கள் கேட்பது, ரவுட்டரை ஏன் மாற்றவில்லை என்று. சொல்கிறேன். டீ வேண்டாம், அந்த டம்ளர் விளிம்பில் யாருடைய உதடோ பட்ட கறை இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சின்ன வயதிலிருந்தே நான் இப்படித்தான்.

என் பெயர் ஆனந்தன். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தொன்பது வருஷம் தரப் பரிசோதனை பார்த்தேன். முடி அளவு பிசிறு இருந்தால்கூட எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவேன். ஓய்வு பெற்றபின் அஸ்தினாபுரத்தில் சொந்த வீட்டில் தனியாக இருந்தேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இன்னொருத்தர் முடி சிக்கிய சீப்பைப் பார்த்துக்கொண்டு குடித்தனம் நடத்த என்னால் ஆகாது.

தினமும் சாயங்காலம் டிவியில் கம்பளம் கழுவும் வீடியோ பார்ப்பேன். சிரிக்காதீர்கள். வெளிநாட்டில் எங்கேயோ, சேறு அப்பிய கம்பளத்தைத் தரையில் விரித்துக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். முதலில் சாக்கடையாக ஓடும், பிறகு பழுப்பு, கடைசியில் பளிங்கு மாதிரி. அதைப் பார்த்தால்தான் எனக்கு மனசு அடங்கும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் என் அண்ணன் துரைராஜுக்குப் பக்கவாதம் வந்தது. அண்ணி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் நிஷா ஆஸ்திரேலியாவில். "சித்தப்பா, உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று போனில் அழுதாள். மறுக்க முடியுமா? அண்ணனை என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். பல்லாவரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்துத்தான் அண்ணன் என்னை டிப்ளமா படிக்க வைத்தார். அந்தத் தோல் நாற்றம் எனக்குக் குமட்டும் என்று தெரிந்து, குளித்த பிறகுதான் என் பக்கத்தில் வந்து உட்காருவார். அவ்வளவு நாசூக்கு தெரிந்த மனிதர், கடைசியில் இப்படி ஆகிவிட்டார்.

எப்படி என்றால், வாயோரம் எப்போதும் எச்சில். ஊட்டினால் பாதி கழுத்தில் வழியும். அப்புறம் டயப்பர், ஒரு நாளைக்கு நாலு தடவை, சில நாள் ஐந்து. கையுறை போட்டு மாற்றுவேன், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவேன், அப்படியும் சோற்றைப் பிசையும்போது விரலில் அந்த வாடை. சீ என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த நாட்கள் உண்டு. காலையில் இரண்டு மணி நேரம் ஜான்சி என்ற அம்மா உதவிக்கு வருவார். மீதி நேரமெல்லாம் நான்தான். நிஷா படுக்கைக்கு மேலே ஒரு கேமரா வைக்கச் சொன்னாள். அங்கிருந்தே அப்பாவைப் பார்த்துக்கொள்ளலாமாம். பார்ப்பது சுலபம் சார்.

கேமரா வந்த பிறகுதான் என் வீடியோ திக்க ஆரம்பித்தது. எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் வினோத்குமாரைக் கூப்பிட்டேன். ரவுட்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா சார், இன்னும் இத்த வெச்சுகினு கீறீங்க? ஏழு வருச சரக்கு. கேமராவும் டிவியும் சேந்து ஓடுனா இதால தாங்க முடியாது. நீங்க டிவியில ஃபோர்-கே தெளிவுல வீடியோ போட்டீங்கன்னா அது மட்டும் ஓடும், கேமரா படுத்துடும். புதுசு ஒன்னு போட்ருங்க, ரெண்டும் பிச்சுகினு போவும்."

"கேமரா படுத்துட்டா, பாக்கறவங்களுக்கு என்ன தெரியும்?"

"கடைசியா போன படம் அப்டியே நின்னுகினு இருக்கும் சார். ஆளு தூங்கற மாரி தெரியும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். உண்மையாகவே யோசித்தேன். புது ரவுட்டர் வந்தால் கம்பளம் தெளிவாகத் தெரியும், அது நல்லது. ஆனால் அந்த அறையும் தெளிவாகத் தெரியும். டயப்பரைப் பிரிக்கும்போது நான் ஓங்கரிப்பது, ஒருமுறை ஈரத்துணியை அவர் முகத்தில் வீசியது, எல்லாம். பழைய ரவுட்டரில் எது ஓடவேண்டும் என்பதாவது என் கையில் இருந்தது.

அந்த எண்ணம் கோபத்தில் வரவில்லை. பாத்திரம் கழுவும்போது சாதாரணமாக வந்தது. உள்ளே போவது குறைந்தால் வெளியே வருவதும் குறையும். இரண்டு இட்லி ஒன்றானது. ஆறு டம்ளர் தண்ணீர் மூன்றானது. டயப்பர் இரண்டோடு நின்றது. அப்பாடா என்று இருந்தது, பொய் சொல்வானேன்.

ஜான்சி போனதும் அவரைத் துடைத்து, தலை வாரி, பவுடர் போட்டு, சலவைச் சட்டை மாட்டிவிடுவேன். உடனே டிவியில் ஃபோர்-கே. நாள் முழுக்க நிஷாவின் போனில் அந்தப் படம்தான் நிற்கும். "அப்பா ஃப்ரெஷ்ஷா இருக்கார் சித்தப்பா, ரொம்ப தாங்க்ஸ்" என்பாள்.

ஜான்சிதான் பேஜார் பண்ணினார். "ஐயாவுக்கு நாக்கு காஞ்சி வெடிச்சி கீது சார். தண்ணி குடுக்கறீங்களா இல்லியா? கண்ணாலயே கேக்குறாரு, பாவம்." அந்த அம்மாவுக்குக் கையைச் சரியாகக் கழுவத் தெரியாது. நிறுத்திவிட்டேன். சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்று நிஷாவிடம் சொன்னேன்.

அண்ணனுக்குப் பேச்சில் மிஞ்சியது இரண்டு வார்த்தைதான், தம்பி, தண்ணி. வீடியோவில் தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து குழறலாகக் குரல் வரும். கம்பளம் வெளுக்கிற நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார். சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஒரு டம்ளர் கொடுத்தால் ஒரு டயப்பர், கொடுக்காவிட்டால் அதுவும் இல்லை.

"அப்பா நாள் பூரா ஒரே பக்கமா படுத்திருக்காரே, படம் நின்னுடுதா சித்தப்பா?" என்று நிஷா ஒருநாள் கேட்டாள். நெட் சரியில்லை என்றேன். உடனே அவளே ஒரு ரவுட்டரை வாங்கி அனுப்பிவிட்டாள். பெட்டி பதினொரு நாள் பீரோமேல் இருந்தது. வேண்டுமென்றே வைத்திருந்ததாக எழுதாதீர்கள். தினமும் அதைப் பற்றி யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். பதினொரு நாளில் நாலைந்து வீடியோ பார்த்து எந்த மூலையில் வைத்தால் நல்லது என்றுகூடத் தெரிந்துகொண்டேன்.

அவளுக்குப் பொறுமை இல்லை. வினோத்குமாருக்கே போன் போட்டுவிட்டாள். போன வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தை நெரிசலில் மாட்டிக்கொண்டு மதியத்துக்கு மேல் வந்தான். வேண்டாம் என்று எந்தக் காரணத்தைச் சொல்வது? பத்தே நிமிஷத்தில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டான். விளக்கு பச்சையாக எரிந்தது. அடுத்த நிமிஷம் அவன் போன் அடித்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து நிஷா அலறுவது எனக்கே கேட்டது. புது ரவுட்டரில் படம் அவ்வளவு தெளிவு. குழிவிழுந்த கண், திறந்த வாய், உதட்டிலிருந்து கழுத்துவரை எறும்பு வரிசை. காலையில் தலை வாரும்போது எறும்பு இல்லை சார், சத்தியமாக.

வினோத்குமார் அறைக்குள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினான். "த்தூ, நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா?" என்று கூடத்தில் துப்பினான். நீங்கள் வருவதற்குள் அதை ஃபினாயில் போட்டுத் துடைத்துவிட்டேன்.

கேமராவுக்குள் நகம் அளவில் ஒரு மெமரி கார்டு இருக்குமாம், நெட் நின்றாலும் அதுபாட்டுக்குப் பதிவு பண்ணிக்கொண்டே இருக்குமாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நெட் நின்றால் கேமராவுக்குக் கண் அவிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று நீங்கள் போட்டுக் காட்டினீர்கள், ஓரிடத்திலும் திக்காமல் ஓடியது. அண்ணன் காலி டம்ளரை நக்கும் இடம் வந்ததும் உங்கள் ஏட்டம்மா எழுந்து வெளியே போனார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. வாய் கொப்பளித்தாரா என்று தெரியவில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் அண்ணன் துரைராஜைத் தண்ணீர் கொடுக்காமல் சாகவிட்டது நான்தான். ஒரே ஒரு திருத்தம். டாக்டர் அறிக்கையில் நாலு நாள் என்று போட்டிருக்கிறது. நான் கொடுக்காமல் இருந்தது மூன்று நாள்தான் சார். நாலாம் நாள் அவர் கேட்கவே இல்லை.